பச்சைத் திரைக்குள் கேள்வி கிடையாது

அந்தப் பள்ளியில் வியாழக்கிழமை என்றால் பெட்டி நாள். மருத்துவ அறையின் வெளிச்சுவரில், சன்னலுக்குக் கீழே, ஒரு பழைய தகரப் பெட்டியைத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். மூடியில் ஒரு பிளவு. மடித்த சீட்டு போகும், இரண்டு விரல் போகாது. அந்த அகலத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கப் பள்ளியின் நர்ஸ் ஒரு முழு மாலையைச் செலவழித்திருந்தாள். பிள்ளைகள் அவளை முகத்துக்கு நேரே 'சிஸ்டர்' என்றும் முதுகுக்குப் பின்னால் 'ஊசி' என்றும் கூப்பிட்டார்கள். இரண்டுக்கும் அவள் திரும்பிப் பார்ப்பாள்.

பெட்டிக்கு மூன்று சட்டங்கள். எட்டாவதும் ஒன்பதாவதும் படிக்கிற அத்தனை பேரும் வாரத்துக்கு ஒரு சீட்டு போட வேண்டும். கேள்வி இல்லாதவர்கள் வெறுஞ்சீட்டு போட வேண்டும். கேள்வி இருப்பவர்கள் மட்டும் எழுந்து போனால், யாருக்குக் கேள்வி இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும் அல்லவா? இரண்டாவது, எல்லோரும் ஒரே அளவுச் சீட்டில், அங்கே நூல் கட்டித் தொங்கவிட்ட பென்சிலால்தான் எழுத வேண்டும். மூன்றாவதுதான் அவளுக்கு மிகவும் பிடித்த சட்டம்: எழுதிப் பழகாத கையால் எழுத வேண்டும். வலக்கைக்காரர் இடது கையால், இடக்கைக்காரர் வலது கையால். எல்லா எழுத்தும் மையில் விழுந்து எழுந்த எறும்பு நடந்ததுபோல் கோணிப்போகும். எந்த ஆசிரியராலும், எழுதியவரைப் பெற்றவளாலும்கூட, அது யாருடைய கையெழுத்து என்று கண்டுபிடிக்க முடியாது. நாகரிகமான சொல் தெரியாவிட்டால் தெரிந்த சொல்லை எழுதலாம். பதில் வெள்ளிக்கிழமை, வகுப்பில், எல்லோருக்கும் பொதுவாக.

மருத்துவ அறைக்கு உள்ளேயும் அவள் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். மூலையில் ஒரு கட்டில், அதைச் சுற்றிப் பச்சைத் திரை. வயிற்று வலி என்று சொன்ன ஒரு பெண்ணிடம் ஆசிரியர் ஒருவர் வகுப்பு நடுவே, "என்ன வயித்து வலி? எந்த மாதிரி வலி?" என்று குறுக்கு விசாரணை நடத்த, அந்தப் பெண் ஒரு வாரம் பள்ளிக்கே வரவில்லை. அதிலிருந்து பிறந்தது இந்தத் திரை. யார் வேண்டுமானாலும் வந்து ஒரு பீரியட் படுத்துக்கொள்ளலாம். பெயர் எழுத வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். திரை மூடியிருந்தால் நர்ஸ் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை. வெந்நீர்ப் பையை நிரப்பி, திரையின் இடுக்கில் நீட்டுவாள். உள்ளே இருந்து ஒரு கை வரும், வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான்.

இரண்டும் நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் நன்றாக ஓடுகிற இரண்டு எந்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அவற்றுக்கு நடுவே ஒரு விரல் நசுங்குவதற்கு இடம் உண்டு. விரல் நசுங்கும்வரை அந்த இடம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

அன்று காலை முழுவதும் அவள் தாழ்வாரத்தில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு உயரம் அளந்துகொண்டிருந்தாள். பெரிய வகுப்புகள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து சீட்டு போட்டுவிட்டுப் போயின. இரண்டாம் பீரியட் நடுவே பஞ்சு எடுக்க உள்ளே போனபோது திரை மூடியிருந்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடிக் கறுப்பு ஷூ. ஆணும் பெண்ணும் அங்கே ஒரே ஷூதான் போடுகிறார்கள். வழக்கம்போல வெந்நீர்ப் பையை நீட்டினாள். வழக்கம்போல ஒரு கை வாங்கிக்கொண்டது. நாலாம் பீரியடில் அவள் அறைக்குத் திரும்பியபோது திரை திறந்து கிடந்தது. பை ஆறிப்போய்க் கட்டிலில் கிடந்தது. அதை வடித்துக் கொடியில் மாட்டினாள்.

மணி பதினொன்றே முக்காலுக்குப் பெட்டியைத் திறந்தாள்.

வாரத்தில் அவளுக்கு மிகவும் பிடித்த நேரம் இதுதான். வெறுஞ்சீட்டுகளை ஒரு பக்கம் அடுக்கினாள். மற்றதை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். 'என் குரல் கதவு கீல் மாதிரி கத்துது, எப்ப நிக்கும்?' குரல்நாண் வேகமாக நீள்கிறது, கழுத்துத் தசைகள் இன்னும் அதன் கூட ஓடப் பழகவில்லை, சில மாதங்களில் பழகிவிடும் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டாள். 'ஒரு பக்க மார்பு பெரிசா இருக்கு, கேன்சரா?' இல்லை, இரண்டும் ஒன்றாகக் கிளம்புவதில்லை, ஒன்று முந்தும், மற்றது பின்னால் வரும். 'நான் வயசுக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு, அப்புறம் வரவே இல்ல, என்னை ஏதாவது செஞ்சுட்டாங்களா?' இந்தச் சீட்டைச் சற்று நேரம் கையில் வைத்திருந்தாள். முதல் ஓரிரு வருடம் அந்தக் கணக்கு தாறுமாறாகத்தான் இருக்கும், ஆனாலும் கடைசிச் சொற்களுக்கு நாளை வகுப்பில் தனியாக ஒரு வழி சொல்ல வேண்டும், பயப்படும்படி யாராவது நடந்துகொண்டால் யாரிடம் போவது என்று. 'பி.டி. சார் மீசை ஒரிஜினலா?' இதுவும் ஒரு கேள்விதான்.

அடுத்த சீட்டைப் பிரித்தாள்.

'ஒரு பக்கக் கொட்டை மட்டும் வலிக்குது. போன மாசம் ரெண்டு தடவ வந்து தானா போச்சு. இன்னிக்குப் போகல. வாந்தி வருது. நான் தனியா இருக்கும்போது செஞ்ச தப்புக்குத்தான் இதுவா. பதில் நாளைக்குச் சொன்னா போதும்.'

அவள் அதை இரண்டாவது முறை படிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐம்பத்திரண்டு.

உடம்பில் பெரும்பாலான வலிகளுக்குப் பொறுமை உண்டு. இரண்டு நாள் காத்திருக்கும், வாரக் கடைசிவரை காத்திருக்கும். இந்த ஒன்றுக்கு அது கிடையாது. விரை என்பது ஒரு கயிற்றில் தொங்குகிறது. அந்தக் கயிற்றுக்குள்தான் அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயும் ஓடுகிறது. பெரும்பாலான பையன்களுக்கு விரை பையின் சுவரோடு ஒட்டி நிற்கும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த ஒட்டு இருக்காது. மணிக்குள் நாக்கு தொங்குவதுபோல் சும்மா தொங்கும். உடம்பு கிடுகிடுவென வளரும் வயதில் ஒரு நாள், ஓடும்போதோ, தூங்கும்போதோ, எந்தக் காரணமும் இல்லாமலோ, அது சுழன்றுவிடும். கயிறு முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய குழாயில் ரத்தம் போகாது. சில நேரம் தானாகவே முறுக்கு அவிழும், பையன் 'சரியாயிடுச்சு' என்று நினைத்துக்கொள்வான். ஒரு முறை அவிழாது. அதிலிருந்து சுமார் ஆறு மணி நேரம். அதற்குள் அறுவை செய்து அவிழ்த்தால் பெரும்பாலும் பிழைக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மணிக்கும் வாய்ப்பு தேய்ந்துகொண்டே போகும்.

இந்தப் பையன் நாளைக்குச் சொன்னால் போதும் என்கிறான். அவள் போட்ட சட்டத்தை அவ்வளவு மரியாதையாக மதிக்கிறான்.

அவள் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். எறும்பு நடந்த எழுத்து. மேசையில் கிடந்த மற்றச் சீட்டுகளும் அதே எறும்பு, அதே பென்சில், அதே காகிதம். எண்பத்தோரு பையன்கள். இரண்டு வருடமாகப் பூட்டுக்குமேல் பூட்டாகப் போட்டுக்கொண்டே வந்தவளுக்கு, வீடு பற்றி எரிகிறபோதுதான் சாவி செய்யவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

விளையாட்டு ஆசிரியர் முழங்கைக்கு ஒட்டுப்போட பிளாஸ்திரி கேட்டு அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. குளிக்கும்போதும் கழற்றமாட்டார் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் பிளாஸ்திரியை மறந்தார். சீட்டைக் காட்டாமல், எழுதியிருந்த வலியை மட்டும் சொன்னாள். அவர் மைக்கில் ஒரு அறிவிப்பு கொடுத்துவிடலாம் என்றார். எவன்டா அது என்று ஒரு அதட்டல் போட்டால் வந்து நிற்பான்.

"எவன்டா அதுன்னு கேட்டா எவனும் நிக்கமாட்டான் சார். அந்த வயசுல நீங்க நின்னிருப்பீங்களா?"

அவர் விசிலை வாயில் வைத்தார். எடுத்தார். "நின்னிருக்க மாட்டேன்," என்றார்.

மைக்கில் சொன்னால் அவன் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்வான், அது அவளுக்குத் தெரியும். ஒரே வழிதான் இருந்தது: வெள்ளிக்கிழமைப் பதிலை வியாழக்கிழமையே சொல்வது. நான்கு வகுப்புகள், வகுப்புக்கு நாலு நிமிடம். எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, யாராவது ஒருவன் முகம் மாறுகிறதா என்று பார்ப்பது. எழுதியவர் யார் என்று தேடமாட்டேன் எனப் பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு அத்தோடு உடைகிறது. உடையட்டும் என்று நினைத்துக்கொண்டே படிக்கட்டை இரண்டிரண்டாகத் தாவினாள்.

எட்டாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளிலும் சிரிப்புதான் முதலில் வந்தது. அவள் அந்தச் சொல்லை வாயால் சொன்னதும் கடைசி பெஞ்சு மேசைக்கு அடியில் போய்விட்டது. வழக்கமாக அவளும் அவர்களோடு சிரித்து, சிரிப்பு அடங்கியபின் விளக்குவாள். இன்று சிரிப்பு அடங்கக் காத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. கரும்பலகையில் கயிறு வரைந்தாள், மணி வரைந்தாள், முறுக்கு வரைந்தாள். இது நோயும் இல்லை, பாவமும் இல்லை, யாரும் செய்த எதற்கும் தண்டனையும் இல்லை. தனியாக இருக்கும்போது கை எங்கே போனாலும் கயிறு முறுக்காது. ஆனால் வலி வந்தால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அம்மாவிடமோ, ஆசிரியரிடமோ, ரோட்டில் போகிறவரிடமோ, யாரிடமாவது அந்த நிமிடமே சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டே நாற்பது முகங்களையும் தடவித் தடவிப் பார்த்தாள். எல்லா முகமும் சிவந்திருந்தது. வெட்கத்துக்கும் வலிக்கும் ஒரே நிறம்.

ஒன்பது 'ஏ'யில் யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. ஒருவன் மட்டும் கையைத் தூக்கினான். ஒன்று போனாலும் மற்றது வேலை செய்யுமா என்று கேட்டான். செய்யும், முழுக்கச் செய்யும் என்றாள். அவன் நிம்மதியாக உட்கார்ந்தான். அவன் இல்லை.

ஒன்பது 'பி'க்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு பதினொன்று. சொல்ல ஆரம்பிக்கும் முன்பே, சன்னலோர பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தாள். பை இருந்தது. தண்ணீர் பாட்டில் இருந்தது. ஆள் இல்லை.

அது, எல்லோரும் 'கொக்கு' என்று கூப்பிடுகிறவனின் இடம் என்று பக்கத்துப் பையன் சொன்னான். மூன்றே மாதத்தில் ஆறு சென்டிமீட்டர் வளர்ந்து, பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிப்போன பையன். உயரம் அளந்தபோது, "அடுத்த தடவை ஏணி கொண்டு வரணும்டா" என்று அவளே கேலி செய்திருந்தாள்.

"எங்க போனான்?"

"உங்ககிட்டதான் சிஸ்டர். செகண்ட் பீரியட்லயே வயித்து வலின்னு சிக் ரூமுக்குப் போனான்." பையன் அவளை விசித்திரமாகப் பார்த்தான். "அங்கதானே படுத்திருக்கான்?"

கறுப்பு ஷூ. திரை இடுக்கில் நீண்ட கை. அந்தக் கையை அவள் பார்த்தாள்தானே? நீளமான விரல்கள், சட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மணிக்கட்டு. வளர்ச்சி முந்தி, துணி பிந்திய கை. பார்த்தும் பார்க்காமல் இருக்க இரண்டு வருடமாகத் தன்னைப் பழக்கி வைத்திருந்தாள். எண்பத்தோரு பையன்களில் ஒருவனைத் தேடி மாடி மாடியாக ஓடுகிறாள். அவன் அவளுடைய கட்டிலில், அவள் கைக்கு எட்டும் தூரத்தில், ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். இங்கே வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது.

வகுப்பில் ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தாள். விளையாட்டு ஆசிரியர் ஏற்கெனவே வாசலுக்குப் போய் வந்திருந்தார். காவலாளி யாரையும் வெளியே விடவில்லை. அப்படியென்றால் பையன் உள்ளேதான் இருக்கிறான். நூலகம் பார்த்தார்கள். சைக்கிள் கொட்டகை பார்த்தார்கள். மொட்டை மாடிக்குப் போகும் கதவு பூட்டியிருந்தது. அந்தப் பூட்டைப் பார்த்தபின்தான் தான் எதற்கு அஞ்சினோம் என்பது அவளுக்கே புரிந்தது. தலைக்குள் ஒரே எண்ணம் சுற்றிச் சுற்றி வந்தது: தப்பு செய்ததாக நினைக்கும் பிள்ளை எங்கே போகும்?

மைதானத்துக்குப் பின்னால் இருந்த பையன்கள் கழிப்பறையில் கடைசிக் கதவு மட்டும் உள்ளே தாழிட்டிருந்தது. கதவின் அடியில் கறுப்பு ஷூ. இந்த முறை அவள் முகத்தைத் திருப்பவில்லை.

விளையாட்டு ஆசிரியர் கதவை உடைக்கத் தோளைச் சரித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். ஈரத் தரையில், கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"தம்பி. சிஸ்டர் பேசறேன்."

உள்ளே ஓங்கரிக்கும் சத்தம். பிறகு, "எனக்கு ஒண்ணுமில்ல. வயித்து வலிதான்."

"சரி. நான் எதுவும் கேக்கல. நீ கேட்டதுக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன்."

சத்தம் நின்றது. கடைசியில் உள்ளே இருந்து மெல்லிய, உடைந்த குரல், தொடங்கும்போது ஆம்பளைக் குரலாகவும் முடியும்போது குழந்தைக் குரலாகவும் வந்தது: "நாளைக்குதானே சொல்வீங்க?"

"இன்னிக்கே சொல்றேன். நீ செஞ்ச எதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒரு கயிறு முறுக்கிக்கிச்சு, அவ்வளவுதான். பிறக்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கு. உன்னைத் திட்டவோ அடிக்கவோ இதுல யாருக்கும் எதுவும் கிடையாது."

"அறுத்துடுவாங்களா?"

பொய் சொன்னால் கதவு சீக்கிரம் திறக்கும். ஆனால் இந்தப் பெட்டி, இந்தத் திரை எல்லாம் அவள் பொய் சொல்லமாட்டாள் என்ற ஒரே ஆணியில்தான் தொங்கின.

"இப்பவே போனா, அவிழ்த்துட்டுத் தைப்பாங்க. ரெண்டையும் இனிமே சுத்தாம இருக்கத் தைச்சுடுவாங்க. லேட்டாப் போனா, ஒண்ணை எடுக்க வேண்டி வரலாம். நீ அந்தக் கதவைத் திறக்கற நேரத்துலதான் அது இருக்கு."

தாழ்ப்பாள் நகர்ந்தது. கொக்கு இரண்டாக மடிந்து நின்றான். முகம் சுண்ணாம்பு. உதட்டில் கடித்த தடம். வெளியே நின்ற விளையாட்டு ஆசிரியரைப் பார்த்ததும் மறுபடியும் கதவை இழுக்கப் போனான். அவர் முதுகைத் திருப்பிக் குனிந்து, "ஏறு," என்றார். அந்த உயரப் பையனை உப்பு மூட்டைபோல் தூக்கிக்கொண்டு பள்ளி வேனுக்கு ஓடினார். கழுத்து விசில் அவன் கைக்கு அடியில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் கிணுகிணுத்தது.

வேனில் அவள் இரண்டே கேள்விகள் கேட்டாள். ஏதாவது சாப்பிட்டானா? இல்லை. அப்படியென்றால் தண்ணீரும் வேண்டாம், மயக்க மருந்துக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். வலி எப்போது ஆரம்பித்தது? காலை அசெம்பிளியில் என்றான். ஒன்பது மணி. ஒன்பதோடு ஆறு கூட்டினால் பிற்பகல் மூன்று மணி. இப்போது பன்னிரண்டு முப்பது. முதல் முறையாக அவள் மூச்சு நெஞ்சுக்குக் கீழே இறங்கியது. நேரம் இருந்தது.

மருத்துவமனையில் பணியில் இருந்த டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. ஒரே நிமிடம் சோதித்துப் பார்த்தார். ஸ்கேனுக்குக் காத்திருக்க வேண்டாம், நேராக உள்ளே எடுக்கிறேன், பெற்றவர் கையெழுத்து மட்டும் வேண்டும் என்றார். அப்பா லாரியோடு எங்கோ நெடுஞ்சாலையில் இருந்தார், போன் எடுக்கவில்லை. அம்மா துணி வெளுக்கும் கம்பெனியில் இஸ்திரிப் பிரிவில் வேலை. பன்னிரண்டு ஐம்பதுக்கு, வேலை ஏப்ரனைக் கூடக் கழற்றாமல், நீராவி வாசத்தோடு ஓடி வந்தாள். எங்கே போட வேண்டும் என்று கேட்டாள், போட்டாள். கதவு மூடிக்கொண்டது. அதன்பிறகுதான் என்ன நடக்கிறது என்றே கேட்டாள்.

நர்ஸ் சொன்னாள். கயிறு, மணி, முறுக்கு. அந்த அம்மா கேட்டுக்கொண்டே வந்து, பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"காலையில எழுந்ததுமே சொன்னான் சிஸ்டர். வயித்து வலிங்கறான். இன்னிக்குக் கணக்கு டெஸ்ட். டிமிக்கி குடுக்கறான்னு நினைச்சு, முதுகுல ஒண்ணு வச்சு அனுப்பினேன்."

"எத்தனை மணிக்கு?"

"நான் ஷிஃப்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி. ஆறே முக்கால் இருக்கும்."

ஆறே முக்காலும் ஆறும் பன்னிரண்டே முக்கால். சுவர்க் கடிகாரம் ஒன்று ஐந்து காட்டியது. அம்மாவிடம் அடி வாங்கிய கதையைச் சொல்ல வேண்டாம் என்று அவன் இரண்டேகால் மணி நேரத்தை விழுங்கியிருக்கிறான். அவளைக் காட்டிக் கொடுக்கவில்லை. நர்ஸ் கணக்குப் போட்டாள். இரண்டாம் பீரியடில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் மணி பத்தேகால் இருந்திருக்கும். கேட்காததற்கு அவளிடம் ஒரு சட்டம் இருந்தது, அவளே போட்ட சட்டம்.

"நீங்க ஏன் அழறீங்க?" என்றாள் அந்த அம்மா. நர்ஸ் பதில் சொன்னாள். பையன் தன் அறையில்தான் கிடந்தான், வெந்நீர்ப் பை கொடுத்தேன், முகத்தைப் பார்க்கவில்லை என்று ஒன்று விடாமல் சொன்னாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். அந்த அம்மா நெடுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களாவது வெந்நீர் குடுத்தீங்க," என்றாள்.

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று நர்ஸுக்குத் தெரியும், தெரிந்திருப்பதுதான் கொடுமை. இந்நேரம் முறுக்கை அவிழ்த்திருப்பார்கள். விரை கருநீலமாக இருக்கும். அதை வெதுவெதுப்பான ஈரத் துணியில் பொதிந்துவிட்டு, எல்லோரும் சும்மா நிற்பார்கள். மருந்து கிடையாது, கருவி கிடையாது. நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். ரத்தம் திரும்பினால் மெல்ல இளஞ்சிவப்பு ஏறும். திரும்பாவிட்டால் கருமை கருமையாகவே இருக்கும். அவர்களும் காத்திருக்கிறார்கள், இவளும் காத்திருக்கிறாள், நடுவே ஒரு கதவு. விளையாட்டு ஆசிரியர் தாழ்வாரத்தின் கோடிக்கும் இந்தப் பக்கத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். விசிலைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தார், சத்தம் வராமல்.

இரண்டு இருபதுக்கு டாக்டர் வெளியே வந்தார். முகமூடியை இறக்கினார்.

"நிறம் வந்துடுச்சு. ஆனா சோம்பேறித்தனமா வந்துச்சு," என்றார். ரொம்ப நேரம் யோசித்து உள்ளேயே வைத்துத் தைத்திருக்கிறார். ஆறு மணி நேரம் என்பது சுவர் இல்லை, சரிவு. பாதி முறுக்கோடு இருந்திருந்தால் கொஞ்சம் அவகாசம் கிடைத்திருக்கும். ஆறு மாதம் கழித்து அளந்து பார்க்க வேண்டும். சுருங்கியிருந்தாலும் வருத்தப்பட வேண்டியதில்லை, மற்றது நன்றாக இருக்கிறது. "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா எடுத்திருப்பேன். யாரு கூட்டிட்டு வந்தது?"

விளையாட்டு ஆசிரியரின் கையிலிருந்து நழுவிய விசில் மட்டும் கழுத்துக் கயிற்றில் ஆடியது.

அடுத்த வியாழக்கிழமை சீட்டுகள் வழக்கம்போல் விழுந்தன. பெட்டிக்கு மேலே புதிதாக ஓர் அட்டை தொங்கியது: 'வலி, ரத்தம், பயமுறுத்தும் ஆள், இந்த மூன்றுக்கும் சீட்டு வேண்டாம். கதவைத் தட்டு. வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதே.' அதை அவள் வலது கையால், எல்லோருக்கும் தெரிந்த தன் கையெழுத்தில் எழுதியிருந்தாள்.

மூன்றாம் பீரியடில் உள்ளே போனபோது பச்சைத் திரை மூடியிருந்தது. அடியில் கறுப்பு ஷூ. வெந்நீரை நிரப்பினாள். திருகு மூடியை இறுக்கும்போது ஒரு சொட்டு விரலில் சுட்டது. திரைக்கு முன்னால் வந்து நின்றாள். இடுக்கில் கை நீண்டது. அவள் பையை நீட்டவில்லை.

"எங்க வலிக்குது?" என்றாள். "எப்பலேர்ந்து?"

நீண்ட கை காற்றில் நின்றது. பிறகு உள்ளே இருந்து ஒரு பெண் குரல் எரிச்சலோடு வந்தது.

"சிஸ்டர், இங்க கேள்வி கிடையாதுன்னு சொன்னீங்க?"

"இருக்கு. ரெண்டு. பதில் சொன்னா பை."

உள்ளே பெருமூச்சு. "அடிவயிறு. ரெண்டு பக்கமும். காலையிலேர்ந்து. மாசாமாசம் வர்றதுதான். போதுமா?"

"வாந்தி?"

"அது மூணாவது கேள்வி சிஸ்டர்."

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். சுடுகிற பையை நெஞ்சோடு அணைத்தபடி, திரையின் பச்சை மடிப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல," என்றது குரல்.

பையைக் கொடுத்தாள்.